ஒற்றைப் பிரதிகள்: மழைக்கு முன்னும் நனைந்த பின்னும்

ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில் அரசுக் காகிதங்களைக் கெடுப்பது பெரும்பாலும் ஒழுகல்தான். வெள்ளம் எப்போதாவது வரும், ஒழுகல் ஆண்டுதோறும் வரும். நகர்ந்த ஓட்டின் இடுக்கில் இறங்கும் சொட்டு, மொட்டைமாடித் தொட்டிக் குழாயின் கசிவு, சரிவை வெட்டிக் கட்டிய பின்சுவரில் ஏறும் ஓதம், போளூர் மலைப்பாதையில் டூவீலர் பையோடு நனையும் பதிவேடு என்று தண்ணீருக்கு இங்கே வழிகள் பல. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் ஜவ்வாது மலையில் பெய்கின்றன. ஜூனில் காற்றில் ஏறும் ஈரம் டிசம்பர் வரை முழுதாக இறங்குவதில்லை. சமவெளியிலிருந்து மாற்றலாகி வருபவர்களுக்கு இது உடனே பிடிபடாது. வானம் தெளிவாக இருக்கும் என்று காவலூரில் தொலைநோக்கி வைத்த மலைதானே என்று நினைப்பார்கள். அந்தத் தெளிவு தை முதல் சித்திரை வரைக்குமானது.

பெருமழையையும் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களுக்குள் நகர்ந்தபோது, இந்த மலைக்குத் தென்மேற்கே உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அதே நாட்களில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். வழக்கமான மழைக்குக் கட்டிய கூரையும் வடிகுழாயும் அப்படிப்பட்ட இரவைத் தாங்கும் என்று நம்பி எந்த ஆவணத்தையும் வைக்க முடியாது.

கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி செயலர், பள்ளித் தலைமையாசிரியர், வன உரிமைக் குழுவில் பொறுப்பில் இருப்பவர், வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய காகிதம் வைத்திருக்கும் குடும்பம் என எல்லோருக்கும் சேர்த்தே இந்த அத்தியாயம்.

எதை முதலில் காப்பாற்றுவது

வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் எல்லோரும் முதலில் தூக்குவது பட்டாவையும் ஆதாரையும். இரண்டுமே திரும்பக் கிடைப்பவை. கணினியில் ஏறிவிட்ட பட்டாவையும் அ-பதிவேட்டு விவரத்தையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறை தளத்தில் கிடைக்கும். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றின் விவரமும் அரசிடம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் ஆவணம் இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் போட்டுக் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தது. கொடுக்க முடிந்ததற்குக் காரணம், மூலம் வேறோர் இடத்தில் இருந்ததுதான்.

ஆகவே ஒரு காகிதத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி இது: இது போனால் இதே விவரம் வேறெங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் அது ஒற்றைப் பிரதி. பார்க்க எவ்வளவு அற்பமாக இருந்தாலும் அதற்குத்தான் முதலிடம்.

மலையில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் சமவெளியில் கிடைப்பதிலிருந்து மாறும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடிக் குடும்பம் ஒன்று 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தை அனுபவித்து வந்ததைக் காட்ட வேண்டும். அதற்கு விதிகள் ஏற்கும் சான்றுகளில் வீட்டு வரி ரசீது, பழைய குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, அரசுப் பதிவேட்டின் பகுதி, ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் ஆகியவை உண்டு. இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு வரி ரசீது, பல வீடுகளில் பட்டாவைவிடப் பெரிய சொத்து. அதன் அடிக்கட்டை ஊராட்சியில் இன்னும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். உரிமை கோரும் மனுவைப் பரிசீலிப்பது கிராம சபை. அந்தத் தீர்மானம் பதிவாகும் புத்தகம் பெரும்பாலும் கையால் எழுதிய ஒரே புத்தகம். கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்பியதன் நகல் அங்கே இருக்கலாம், ஆனால் பெரியவர்கள் கைநாட்டு வைத்த மூலப் பக்கம் ஊரில் இருப்பது மட்டும்தான். மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், பழங்குடியினர் நல அலுவலர் மூவரும் கையெழுத்திட்டுக் கொடுத்த உரிமைப் பத்திரத்தையும், பட்டாபோல் எப்போது வேண்டுமானாலும் கணினியில் எடுக்கலாம் என்ற நினைப்பில் பரணில் போட்டு வைக்கக் கூடாது.

சாதிச் சான்றுக்கும் இதே கதைதான். பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்ற பழைய மாவட்டப் பெயர்களோடு சேர்ந்தே வருகிறது. 1989 நவம்பர் முதல் அந்தச் சான்றைக் கோட்டாட்சியர்தான் தருகிறார். விசாரணைக்கு வரும்போது தகப்பனாரின் பள்ளி மாற்றுச் சான்று, பழைய நில ஆவணம், உறவினர் சான்று என்று பழங்காகிதங்களைக் கேட்பார்கள். மாற்றுச் சான்று தொலைந்தவர் போய் நிற்பது அவர் படித்த உண்டு உறைவிடப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டின் முன்னால். அந்தப் பதிவேட்டைக் கரையான் தின்றாலும் கூரை ஒழுகல் கரைத்தாலும், அதில் பெயர் உள்ள அத்தனை பேரின் பிள்ளைகளுக்கும் அது இழப்பு. என் கணக்கில், ஒரு மலைக்கிராமத்தில் முதலில் காப்பாற்ற வேண்டிய அரசு ஆவணம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. அடுத்து கிராம சபைத் தீர்மானப் புத்தகம். மற்றவை அவற்றுக்குப் பின்.

ஒற்றைப் பிரதிகளை எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் அகலமான சிவப்பு நாடா ஒட்டுங்கள். நள்ளிரவில், மின்சாரம் போன அறையில், டார்ச் வெளிச்சத்தில் தலைப்பைப் படித்துப் பார்த்து யாரும் எடுக்க முடியாது. கிராம உதவியாளரிடம் “சிவப்பு நாடா போட்டதை மட்டும் எடுங்கண்ணே” என்று சொன்னால் வேலை முடிந்துவிடும். அவை இருக்க வேண்டிய இடம் கதவுக்குப் பக்கம், நெஞ்சு உயரம்.

அழிக்க வேண்டியதை அழிப்பதும் பாதுகாப்பில் ஒரு பங்கு. நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு, பத்தாண்டு வைத்து அழிக்க வேண்டிய கோப்பு என வருவாய்த் துறையில் வகை பிரித்தே முடிக்கிறார்கள். காலம் கடந்தவை முறைப்படி வெளியேறாமல் குவிந்து கிடந்தால், நிரந்தரக் கோப்பு தரைக்குப் போய்விடும். பல பதிவறைகளில் தரையில் கிடப்பது எது, ரேக்கில் இருப்பது எது என்று பார்த்தாலே இது விளங்கும்.

அறையும் அலமாரியும்

இரும்பு பீரோ தண்ணீர் புகாதது என்பது பரவலான நம்பிக்கை. பீரோவின் மேல்தகட்டு இணைப்பில் சொட்டு விழுந்தால், தண்ணீர் உள்ளே இறங்கித் தட்டுத் தட்டாகத் தேங்கும். கதவு மூடியிருப்பதால் பல நாள் யாருக்கும் தெரியாது. திறந்த ரேக்கில் நனைந்தது அன்றைக்கே கண்ணில் படும். பீரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் தலையில் ஒரு தார்ப்பாயைச் சரிவாகப் போட்டு, முன்பக்கம் ஒரு சாண் தொங்கவிடுங்கள். முழுக்கச் சுற்றிக் கட்டினால் உள்ளே புழுக்கம் சேரும்.

கடைசித் தட்டு தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மேல்தட்டும் நல்ல இடமில்லை, அங்கேதான் முதல் சொட்டு விழும். சுவருக்கும் ரேக்குக்கும் இடையில் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள். மலைச்சரிவை ஒட்டிய சுவரிலும், மறுபக்கம் கழிவறை உள்ள சுவரிலும் எதையும் சாய்க்காதீர்கள். கட்டுகளை இறுக்கி அடைப்பதும் தவறு. நனைந்த காகிதம் உப்பும். இறுக்கமான தட்டில் உப்பிய பதிவேடுகள் ரேக்கையே வளைத்துவிடும், ஒன்றை உருவப் போனால் முதுகு கிழிந்து கையோடு வரும்.

கூரையைப் பார்க்கச் சரியான நாள், முதல் கோடைமழை பெய்கிற நாள். மழை பெய்துகொண்டிருக்கும்போதே டார்ச் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடங்கள். எங்கே சொட்டுகிறது என்பதைச் சாக்பீஸால் தரையில் குறித்துவிட்டு, அதற்கு நேர் மேலே உள்ளதைப் பிறகு சரிசெய்யலாம். தளம் போட்ட கட்டடமானால் மொட்டைமாடி நீர்ப்போக்கு ஓட்டையில் சருகு அடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒழுகலில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறது. ஜமாபந்திக்காக மே, ஜூனில் எப்படியும் கிராமக் கணக்குகளைத் தூசி தட்டி எடுத்துத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோகிறோம். பருவமழைக்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிட இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நிலைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே பூஞ்சை வரும். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பதிவறைக்கு ஒன்று வாங்கி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து, மூட்டம் இறங்கும் நாளில் மூடி வைக்க வேண்டும். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. தஞ்சை சரஸ்வதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் கலந்து துணி முடிச்சாகச் சுவடிக் கட்டுகளில் வைக்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம். ஆனால் அது பூச்சிக்கான காவல், ஈரத்துக்கு உதவாது. அந்துருண்டையும் அப்படியே.

பரண், பெட்டி, பை

அடுப்புக்கு மேலுள்ள பரணில் விதை கெடாமல் இருக்கிறது என்பதால் காகிதத்தையும் அங்கே வைக்கும் வீடுகள் உண்டு. புகை பூச்சியை விரட்டும், உண்மைதான். ஆனால் சூடும் கரியும் காகிதத்தை மொறுமொறுவென்று ஆக்கிவிடும், பத்து ஆண்டில் மடிப்பிலேயே உடையும். அடுப்பில்லாத உள்சுவர் ஓரமாக, பலகை மேல் வைத்த மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியோ பெட்டியோ போதும். ஒவ்வொரு காகிதமும் மடிக்காமல் தெளிவான பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். உறையில் போடும் நாள்தான் முக்கியம். மழைநாளில் போட்டு மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். மாசி, பங்குனியில் நிழலில் ஒரு பகல் விரித்து ஆறவிட்டு, அன்று மாலையே உறையிடுங்கள்.

யூரியா மூட்டையின் உள்பை கனமானது, தண்ணீர் புகாதது என்று பதிவேடு சுற்றப் பயன்படுத்துகிறார்கள். கழுவினாலும் அதில் உப்பு தங்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும். வேண்டாம்.

லேமினேஷனை நான் எந்த மூல ஆவணத்துக்கும் பரிந்துரைப்பதில்லை. ஓரம் பிரிந்தால் தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வராது, பிரித்து உலர்த்தவும் முடியாது. சான்றொப்பமோ முத்திரையோ புதிதாக வைக்க இடமும் இருக்காது, பல அலுவலகங்கள் லேமினேட் செய்த மூலத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. நகலை லேமினேட் செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதையில் பதிவேட்டைக் கொண்டுபோகும்போது இரண்டு பிளாஸ்டிக் பை, ஒன்றின் வாய் மற்றதன் அடியில் படும்படி எதிரெதிராகப் போடுங்கள். ஒற்றைப் பை மடிப்பில் கிழியும்.

மை

தண்ணீரில் ஆவணம் சாகிறதா பிழைக்கிறதா என்பதைக் காகிதத்தைவிட மைதான் முடிவு செய்கிறது. பழைய வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகளின் இரும்புச் சத்து மை நனைந்தாலும் எழுத்து நிற்கும். சாதாரண பால்பாயின்ட் பேனா எண்ணெய் மை, பெரும்பாலும் தாங்கும். ஜெல் பேனா பலவும், நீல ஊற்றுப் பேனா மையும், ஸ்கெட்ச் பேனாவும் கரைந்து ஓடும். ஸ்டாம்ப் பேடின் ஊதா மை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும். கையெழுத்து நிற்க, முத்திரை மட்டும் கறையாகிப் போன சான்றுகள் இதனால்தான் வருகின்றன. இங்க்ஜெட் அச்சு கரையும், லேசர் அச்சும் ஜெராக்ஸும் கரையாது. ஜெல் பேனாவில் எழுதிய மூலம் வெள்ளைத் தாளாகிவிட, அதன் ஒரு ரூபாய் ஜெராக்ஸ் பிழைத்திருக்கும் விசித்திரமும் நடக்கும். பதிவேட்டில் எழுதக் கறுப்புப் பால்பாயின்ட் என்று ஒரு விதியை இன்றைக்கே வைத்துவிடலாம், செலவே இல்லை. ஏற்கெனவே ஜெல் மையில் எழுதிய பக்கங்களை மழைக்கு முன் ஜெராக்ஸ் எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள்.

போனில் படம் எடுப்பதும் நல்லதே. பக்கம் முழுதும், நான்கு மூலையும் தெரிய எடுங்கள். ஒரு பிரதி மெமரி கார்டில், இன்னொன்று திருப்பூரிலோ பெங்களூருவிலோ வேலை செய்யும் பிள்ளையிடம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட வேண்டாம், அடுத்தவர் ஆதார் எண்ணும் அதில் இருக்கும்.

நனைந்துவிட்டால்

நம் தட்பவெப்பத்தில் நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். இந்த இரண்டு நாளில் செய்வதுதான் பலன் தரும். மூன்றாம் நாள் அனுமதி வாங்கி, நான்காம் நாள் ஆள் வைத்து என்று போனால், உலர்வது காகிதமாக இருக்காது.

முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். முகக்கவசம், கையுறை போடுங்கள், பூஞ்சைத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. எதையும் நகர்த்துமுன் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். எந்தக் கட்டு எந்தத் தட்டில் இருந்தது என்பதுதான், தலைப்பு அழிந்த கோப்பை அடையாளம் காட்டும்.

நனைந்த பதிவேட்டைத் திறக்காதீர்கள். ஊறிய காகிதத்துக்கு வலுவே கிடையாது, சொந்த எடையிலேயே கிழியும். அடியில் பலகையோ தட்டோ கொடுத்து, மூடியபடியே தூக்குங்கள். பிழியக் கூடாது, மேலே பாரம் வைத்து நீரை எடுக்கவும் கூடாது. சேறு படிந்திருந்தால், மூடிய நிலையில் இறுகப் பிடித்து, நல்ல தண்ணீர் வாளியில் மெல்ல அலசலாம். ஆனால் மை கரையும் ஆவணத்துக்கு இது கூடாது, அதில் சேறு காய்ந்த பிறகு மென்மையான பிரஷால் தட்டி எடுப்பதே சரி. மை எப்படி என்று சந்தேகமா? எழுத்தின் ஒரு முனையில் ஈரமான பஞ்சை ஒற்றிப் பாருங்கள். நிறம் ஏறினால் அலச வேண்டாம்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டத்தில். வெயில் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். காகிதம் சுருண்டு, மடிப்பில் உடைந்து, மை பழுப்பாகும். ஃபேனைக் காகிதத்தின் மேல் திருப்பாமல் சுவரை நோக்கி வையுங்கள், அறையின் காற்று நகர்ந்தால் போதும். தனித்தாள்களை வெள்ளைத் துணி மேல் பரப்பலாம், அல்லது நைலான் கயிற்றில் குறுக்காகப் போடலாம். கிளிப் மாட்டினால் ஈரத்தாள் அங்கே கிழியும். பதிவேடு சொட்டுவது நின்று, பக்கங்கள் தாமாகப் பிரியும் பதம் வந்ததும், இருபது பக்கத்துக்கு ஒன்றாக அச்சிடாத நியூஸ்பிரிண்ட் தாளைச் செருகுங்கள். அச்சிட்ட செய்தித்தாளின் மை ஒட்டும். செருகிய தாள் ஈரமானதும் மாற்றுங்கள். முதல் நாள் இது ஓயாத வேலை, பிள்ளைகளையும் மகளிர் குழுவினரையும் சேர்த்துக்கொண்டால்தான் முடியும். முக்கால் பங்கு காய்ந்த பின் புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தலாம். கை வைத்தால் குளுமை தெரிகிறவரை அது இன்னும் காயவில்லை. அதற்குள் ரேக்கில் ஏற்றினால் பக்கத்துப் பதிவேடுகளுக்கும் பூஞ்சை பரவும்.

வழவழப்பான ஆர்ட் தாளும் புகைப்படமும் விதிவிலக்கு. நனைந்து உலர்ந்தால் ஒன்றோடொன்று கல்லாக ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே பிரித்துத் தனித்தனியாக வைக்க வேண்டும்.

நனைந்தது கைக்கு மிஞ்சிய அளவு என்றால் இன்னொரு வழி உறைய வைப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உலகம் முழுக்க ஆவணக் காப்பகங்கள் செய்வது இதைத்தான். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் அருகே ராணுவத்தினரின் பணிப்பதிவுகள் இருந்த மையத்தில் தீப்பிடித்தது. எரிந்தது போக, தீயணைப்பு நீரில் ஊறிய கோப்புகள் மலைபோல் மிஞ்சின. விண்கலங்களைச் சோதிக்கும் வெற்றிட அறைக்குள் அவற்றைப் பெட்டி பெட்டியாக ஏற்றி நீரை உறிஞ்சி எடுத்தார்கள். நம்மிடம் வெற்றிட அறை கிடையாது. ஆனால் ஐஸ்கிரீம் வைக்கும் கடையின் டீப் ஃப்ரீசர் சுமார் -18 டிகிரியில் ஓடுகிறது. மை ஓடும் பதிவேடுகளைத் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போட்டு அங்கே வைத்தால், கரைவதும் பூஞ்சையும் அப்படியே நிற்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம். மழைக்கு முன்பே கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மின்வெட்டு நீளும் நாளில் இது பயன்படாது என்பதையும் மறக்க வேண்டாம்.

போனதை மீட்பது

செயின்ட் லூயிஸில் பணிப்பதிவு எரிந்து போனவர்களின் பணிக்காலத்தை, வேறு அலுவலகங்களில் கிடந்த சம்பளப் பட்டியல் போன்ற துணைக் காகிதங்களைக் கொண்டு மறுபடியும் கட்டியெழுப்புகிறார்கள். இங்கேயும் வழி அதுதான், எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும். ஜமுனாமரத்தூர் தனித் தாலுகா ஆனது அண்மைக் காலத்தில்தான், பழைய கோப்பு போளூரில் இருக்கலாம். 1989 செப்டம்பர் 30-இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும்வரை இந்த மலை வட ஆற்காடு, ஆவணம் வேலூர் ஆட்சியரகத்தில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. மலையின் மேற்குப் பகுதியான புதூர்நாடு, 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். நில அளவைப் படங்களுக்குச் சென்னை சேப்பாக்கம் மத்திய நில அளவை அலுவலகம், பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்.

நனைந்து கூழான காகிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். பாதி எண், ஒரு முத்திரை விளிம்பு, காகிதத்தின் நீர்க்குறி இருந்தாலும், நகல் கேட்கும்போது அது துணைச் சான்று. காயவைத்து உறையிட்டு, என்ன ஆவணம், என்று நனைந்தது என்று மேலே எழுதி வையுங்கள். அலுவலக ஆவணமானால் அன்றைக்கே தாசில்தாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டின் பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை பக்கம் படிக்க முடியவில்லை, எந்தத் தட்டில் இருந்தது, எடுத்த படங்கள், உலர்த்தியவர்களின் கையெழுத்து ஆகியவை அதில் இருக்கட்டும். பள்ளிப் பதிவேடு என்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உண்டு உறைவிடப் பள்ளியானால் பழங்குடியினர் நல அலுவலருக்கும் ஒரு நகல். கிராம சபைத் தீர்மானப் புத்தகம் நனைந்திருந்தால் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே, அழிந்த தீர்மானங்களை உறுப்பினர்கள் முன் வாசித்து, மீண்டும் எழுதி, பழைய தேதியையும் புதிய தேதியையும் சேர்த்துக் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கூட்டம் நடக்கிறது, அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் கைநாட்டு வைத்த பெரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் அவர்களை அந்தக் கூட்டத்துக்கு அவசியம் அழைத்து வாருங்கள்.